பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

கேள்வியின் சுருக்கம் இது: பிரிட்டனில் வேலை பார்க்கும் ஒருவர் 12,000 பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறார். 1960களிலோ 70களிலோ வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் ஓட்ட ஆசைப்படுகிறார். விளம்பரங்களில் விலை நிலவரத்தைப் பார்த்துவிட்டார். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் எவ்வளவு கரையும், எந்தக் காரை நம்பி இறங்கலாம் என்பதே அவருடைய ஐயம்.

இந்தக் கார்களில் எஞ்சினாலும் கியர்பாக்ஸாலும் பிரேக்காலும் பெரிதாகப் பணத்தை இழந்தவர்கள் குறைவு, தகட்டில்தான் இழக்கிறார்கள். உதிரி பாகங்கள் பெரும்பாலும் மலிவு, அவற்றைப் பொருத்துபவரின் மணிக்கூலிதான் செலவு. ஆகவே ஒரு காரின் உண்மையான விலை என்பது விளம்பரத்தில் உள்ள தொகையோடு, அதன் பாடியில் இன்னும் செய்யப்படாமல் கிடக்கும் வெல்டிங் வேலையின் கூலியும் சேர்ந்ததுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கணக்கும் எளிதாகிவிடும்.

முதலில் விலை. நான் சொல்லும் தொகைகள் அண்மை ஆண்டுகளில் பிரிட்டனில் நிலவும் தோராய அளவுகள். எம்.ஜி.பி. காரில் நிலையான கூரையுள்ள ஜி.டி. வகை, ஓட்டத்தக்க நிலையில் 5,000 முதல் 10,000 பவுண்டுக்குக் கிடைக்கும்; கூரையைத் திறந்து ஓட்டும் ரோட்ஸ்டர் வகைக்கு 7,000 முதல் 15,000 வரை ஆகும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. மிட்ஜெட் ஆகியவை அதைவிடச் சற்றுக் குறைவு. டிரையம்ஃப் டி.ஆர்.6 ஏறக்குறைய 15,000 பவுண்டில் தொடங்குகிறது. லோட்டஸ் எலானும் ஆஸ்டின்-ஹீலி 3000-உம் 25,000-க்கு மேல் சென்றுவிடுகின்றன. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் வரிசைக் கார்களை வாங்க ஒரு சிறு வீட்டின் முன்பணத்தைவிட அதிகம் வேண்டும். ஆக, 12,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு எம்.ஜி.பி., மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் ஆகிய மூன்றும்தான் உண்மையான தேர்வுகள். அவற்றுள்ளும் எம்.ஜி.பி.-யைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். அதை அறிந்துகொண்டால் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள முடியும்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஏபிங்டனில் தயாரானது. ஜி.டி. வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. தனிச் சேஸியின்மேல் (அடியில் சுமை தாங்கும் எஃகுச் சட்டம்) பாடியை வைத்துக் கட்டப்பட்டது, எம்.ஜி.பி.-யில் தனிச் சேஸி கிடையாது, தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய பாடியே மொத்தச் சுமையையும் தாங்குகிறது. கதவுகளுக்கு அடியில், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரை இருபுறமும் ஓடும் பெட்டி வடிவக் கட்டுமானத்தைச் 'சில்' என்பார்கள். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் சில்தான். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ இதற்குச் சில் அப்படி. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகளும், அடியில் அவற்றைத் தாங்கும் ஒரு நீளக் கட்டையும் கொண்டது அது. குளிர்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் பனி உறையாமல் இருக்கத் தூவும் உப்பு, சேற்றோடு சேர்ந்து முன்சக்கர வளைவின் பின்புறத்தில் அடைந்துகொள்கிறது. சில் அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்குகிறது. அரிப்பு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளித்தகட்டில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு ஏற்கெனவே உதிர்ந்திருக்க வாய்ப்புண்டு.

இதைச் சரியாகச் சீர்செய்ய வேண்டுமானால் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புத் தண்டு கொடுத்துக் காரை அசையாமல் நிறுத்தி, முன் விங்கை (முன்சக்கரத்தை மூடும் பக்கத்தகடு) கழற்றி அல்லது அதன் அடிப்பகுதியை அறுத்து, மூன்று அடுக்குகளையும் வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பற்றவைக்க வேண்டும். தகடுகளின் விலை இருபுறமும் சேர்ந்து சில நூறு பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் வேலை நேரம் 30 முதல் 50 மணி வரை ஆகும். பழைய கார்களைக் கையாளத் தெரிந்த பட்டறைகள் மணிக்கு 60 முதல் 90 பவுண்டு வரை வாங்குகின்றன. அதன்மேல் 20 சதவீத வாட் வரியும் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 4,000, 5,000 பவுண்டைத் தொடுவது சாதாரணம்.

இவ்வளவு செலவாகும் என்பதாலேயே பலர் குறுக்குவழியில் இறங்கியிருக்கிறார்கள். அழுகிய சில்லின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கப்பட்ட கார்கள் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இறுகியும் கீழே விரிந்தும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை உயர்த்தியபின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சிக்கினால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் பட்டி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் பேட்டரி வைக்கும் பெட்டிகள் உண்டு. அவற்றின் அடித்தகடு முழுமையாக இருக்கும் காரை உரிமையாளர் கவனித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம், ஏனென்றால் வெளியே தெரியாத அந்த இடத்துக்கு யாரும் விற்பனைக்காகச் செலவழிப்பதில்லை.

'சீரமைக்க ஏற்ற கார்' என்று 2,500 பவுண்டுக்கு வரும் விளம்பரத்தைக் கண்டு மயங்குபவர்களுக்காக ஒரு கணக்கு. எம்.ஜி.பி. ஒன்றை முழுமையாகப் பிரித்து, தகட்டு வேலை முடித்து, பெயிண்ட் அடித்து, மீண்டும் கோப்பதற்குப் பட்டறையில் 500 மணி நேரம் ஆவது வியப்பல்ல. மணிக்கு 70 பவுண்டு என்றால் 35,000. வாட் வரியோடு 42,000. பாகங்களையும் குரோமியப் பூச்சையும் இருக்கை உறைகளையும் இதில் சேர்க்கவில்லை. இப்படி முடித்த கார் சந்தையில் 20,000, மிஞ்சினால் 25,000 பவுண்டுக்குப் போகும். அதாவது வேறொருவர் இந்த நட்டத்தை ஏற்றுச் சீரமைத்த காரை வாங்குவதே அறிவுடைமை. நீங்களே வெல்டிங் கற்றுச் செய்வதானால் கணக்கு மாறும். ஆனால் அப்போது அது கார் ஓட்டும் பொழுதுபோக்கு அல்ல, கார் கட்டும் பொழுதுபோக்கு. இரண்டும் ஒருவருக்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. பழைய அச்சுகளைத் தேடி மீட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.-யின் முழுப் பாடியையே புதிதாகத் தயாரித்து விற்று வருகிறது. பெயிண்ட் அடிக்காத அந்த வெற்றுக்கூட்டின் விலையே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும் என்றாலும், இந்தக் காரின் எந்தத் தகடும் கிடைக்காமல் போகாது என்பதற்கு அது சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டில் கட்டப்பட்ட கார் ஏதேனும் விற்பனைக்கு வந்தால், விலை இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் நான் அதைத்தான் பார்ப்பேன்.

எஞ்சினுக்கு வருவோம். எம்.ஜி.பி.-யின் 1798 சி.சி. எஞ்சின், அக்காலக் குடும்பக் கார்களுக்காக உருவான பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. கனமானது, மெதுவானது, ஆனால் எளிதில் சாகாதது. 1964-இன் பிற்பகுதியிலிருந்து எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்குக்கு ஐந்து பேரிங்குகள் வந்தபின் அது இன்னும் உறுதியானது. அதன் பாகங்கள் எல்லாம் தபாலில் மறுநாளே வந்து சேரும், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டருக்கான ஊசிகளும் ஜெட்டுகளும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ஹெட் காஸ்கெட், பிரேக் பேட், வாட்டர் பம்ப் எதுவும் இன்றைய சாதாரணக் காரின் பாகத்தைவிட விலை அதிகமல்ல. முழுமையாகப் புதுப்பித்த எஞ்சின் ஒன்றை 2,000 முதல் 3,500 பவுண்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை.

ஆனால் பாகம் மலிவு என்பதால் வேலையும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. எம்.ஜி.பி.-யின் கிளட்ச் தொகுதி ஏறக்குறைய 150 பவுண்டுதான். அதை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரிலோ கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே கழற்றி எடுத்துவிடலாம். அதன் முன்பாகம் முழுவதும் ஒரே பானெட்டாக (எஞ்சின் மூடி) முன்னோக்கித் திறப்பதால் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சொந்தக் கையால் பழுதுபார்க்க விரும்புபவருக்கு ஸ்பிட்ஃபயர்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. ஆனால் அதன் எஞ்சின் எம்.ஜி.பி.-யினது போல அத்தனை உறுதியானதல்ல. குறிப்பாகக் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து விழுந்துவிட்டால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். வாங்குமுன் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன்புறக் கப்பி கண்ணுக்குத் தெரியுமளவு நகர்கிறதா என்று பாருங்கள். காசில்லாத சோதனை, ஆயிரக்கணக்கான பவுண்டைக் காப்பாற்றும். ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸி உண்டு என்று சொல்லிச் சில் அழுகினால் பரவாயில்லை என்பவர்களை நம்ப வேண்டாம். அந்தச் சேஸி தனியாக நின்றால் வளையும், அங்கும் சில்லின் துணை தேவை.

டி.ஆர்.6 உங்கள் தொகைக்கு எட்டாது என்றாலும் ஒரு சொல். தயாரான சுமார் 94,000 கார்களில் பத்தில் ஒன்றுகூடப் பிரிட்டனில் விற்கப்படவில்லை. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. ஆகவே இன்று பிரிட்டனில் ஓடுபவற்றில் பல, கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து திரும்பி வந்து, ஸ்டீயரிங் வலப்புறத்துக்கு மாற்றப்பட்டவை. பிரிட்டனுக்கென்று வந்த கார்களில் எரிபொருளைப் பீய்ச்சும் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷன் உண்டு, அமெரிக்கக் கார்களில் கார்புரேட்டர். இன்ஜெக்ஷன் சரியாக இருந்தால் அருமையாக இழுக்கும். அதன் பம்ப் சூடேறி மக்கர் செய்யும் என்பதால் பெரும்பாலோர் பாஷ் பம்ப்புக்கு மாறிவிட்டார்கள்.

ஈ-டைப், ஹீலி, எலான் ஆகியவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். ஈ-டைப்பில் பின்சக்கர டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்திருப்பதால், ஒழுங்காக வேலை செய்யப் பின்பக்கச் சஸ்பென்ஷன் தொகுதி முழுவதையும் இறக்க நேரும். காரின் நீளத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும் பானெட்டை மாற்றும் செலவில் ஒரு நல்ல மிட்ஜெட் வாங்கலாம். பெரிய ஹீலிகளில் முன்னும் பின்னும் மேல்தகடுகள் அலுமினியம், விங்குகள் எஃகு. இரு உலோகங்களும் சந்திக்கும் இடத்தில் அரிப்பு தவிர்க்க முடியாதது. எலானின் பாடி கண்ணாடியிழை என்பதால் துருவில்லை என்று மகிழ்ந்தால், உள்ளிருக்கும் எஃகுச் சேஸி துருப்பிடிக்கிறது. முகப்பு விளக்குகளை மேலே தூக்கும் வெற்றிட அமைப்பு அந்தச் சேஸியின் முன்கட்டைக்குள்ளேயே இருப்பதால், அங்கே துளை விழுந்தால் விளக்குகள் தாமே கண்மூடிக்கொள்ளும். இவை எல்லாம் பணமிருப்பவர்களுக்கு மகிழ்ச்சி தருபவை. முதல் பழைய காராக நான் யாருக்கும் சொல்வதில்லை.

மின்சாரக் கோளாறுகள் பற்றிய கேலிகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தக் கார்களுக்கு மின்கருவிகள் தயாரித்த லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசர்' என்றே பட்டம் உண்டு. அதில் பாதி அநியாயம். அரை நூற்றாண்டு பழைய கம்பிகளின் முனைகளிலும் எர்த் இணைப்புகளிலும் பச்சை பிடித்திருப்பதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். ஒரு பிற்பகல் நேரமும் உப்புத்தாளும் போதும். உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. இன்று மலிவாகத் தயாராகும் சில மாற்றுப் பாகங்கள், குறிப்பாகப் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சரும் ரோட்டார் ஆர்மும், ரப்பர் புஷ்களும், பழையவற்றின் தரத்தில் இல்லை. பத்து பவுண்டு மிச்சம் பிடித்து நடுவழியில் நிற்பதைவிட, எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திக்கொள்வது மேல்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் இளக்கிவிடும். சூடான எஞ்சின் அருகே குழாய் கசிந்தால் காரே எரியக்கூடும். எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களை உடனே மாற்றுங்கள், செலவு மிகக் குறைவு. பெட்ரோலும் ஈ5 வகையையே போடுங்கள், லிட்டருக்கு விலை சற்றுக் கூடும். வால்வு அமரும் சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டதால், சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் பொருத்தப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இனி ஆண்டுச் செலவு. 40 ஆண்டுகளைக் கடந்த கார்களை 'வரலாற்று வாகனம்' என்று பதிந்துகொண்டால் சாலை வரி கிடையாது. லண்டனின் மாசுக் கட்டண மண்டலத்திலும் விலக்கு உண்டு. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளச் சொல்வேன். கட்டண உச்சவரம்பு 54.85 பவுண்டுதான், அதற்கு ஒரு மூன்றாம் மனிதர் காரின் அடிவயிற்றை விளக்கு பிடித்துப் பார்க்கிறார். காப்பீடும் மலிவு: அனுபவமுள்ள ஓட்டுநருக்கு, குறைந்த மைல் வரம்போடு, ஆண்டுக்கு 150 முதல் 300 பவுண்டு. காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைப் பாலிசியையே எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப்பின் அவர்கள் சொன்னதுதான் விலை.

ஆண்டுக்கு 2,500 மைல் ஓட்டினால், கேலனுக்கு 25 மைல் என்ற கணக்கில் ஏறக்குறைய 450 லிட்டர் பெட்ரோல் ஆகும்; 700 பவுண்டு என்று வையுங்கள். ஆயில், ஃபில்டர், பிளக், கிரீஸ் எல்லாம் சொந்தமாகச் செய்தால் 100 பவுண்டுக்குள் அடங்கும். முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணிகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பதைத் தவறவிடாதீர்கள். பத்து நிமிட வேலையை விட்டவர்கள் சில நூறு பவுண்டு கொடுத்துப் புதிய கிங்பின் போடுகிறார்கள். டயர் ஓடித் தேய்வதற்குள் வயதாகிக் கெட்டுவிடும். பத்து ஆண்டுக்கொருமுறை நான்கையும் மாற்ற 300 முதல் 400 பவுண்டு. கம்பிச் சக்கரங்கள் அழகுதான், ஆனால் கம்பிகள் தளர்கின்றன, நடுவிலுள்ள பற்கள் தேய்கின்றன, கழுவுவதற்கே அரைநாள் போகிறது. சாதாரண எஃகுச் சக்கரமோ ரோஸ்டைல் என்னும் அலங்கார எஃகுச் சக்கரமோ உள்ள காரையே நான் எடுப்பேன். எதிர்பாராதவற்றுக்கு ஆண்டுதோறும் 500 பவுண்டு ஒதுக்குங்கள். இப்படிப் பார்த்தால் சொந்தக் கையால் பராமரிப்பவருக்கு ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 பவுண்டும், எல்லாவற்றையும் பட்டறையில் விடுபவருக்கு 2,500 முதல் 3,000 பவுண்டும் ஆகும். கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லையென்றால் அதன் வாடகை தனி. அதைச் சேமிக்க எண்ணித் திறந்தவெளியில் நிறுத்தினால், மேலே சொன்ன சில் வேலை விரைவிலேயே வந்து சேரும்.

இதை முதலீடாகக் கருதலாமா என்றால், கருத வேண்டாம். பிரிட்டிஷ் சட்டப்படி காரை லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் எம்.ஜி.பி. போன்றவற்றின் விலை அண்மை ஆண்டுகளில் தளர்ந்தே இருக்கிறது. இளமையில் இவற்றைக் கண்டு ஏங்கிய தலைமுறை முதுமையில் விற்கிறது, வாங்கும் இளைஞர்களுக்கு 1980, 90களின் கார்கள்மேல்தான் ஆசை. விற்பவருக்கு வருத்தம், உங்களுக்கு வாய்ப்பு. புதுக் காரைப்போல முதல் ஆண்டிலேயே மதிப்பில் பெரும்பகுதி போய்விடாது என்ற அளவில் நிம்மதி கொள்ளலாம்.

உங்கள் 12,000 பவுண்டில் 9,000-த்தை மட்டும் காருக்கு ஒதுக்குங்கள். அந்தத் தொகையில், 1974-இன் பிற்பகுதிக்குப்பின் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் எம்.ஜி.பி. ஒன்றை நல்ல பாடியோடு வாங்கலாம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக அந்தப் பம்பரும் கூடுதல் உயரமும் வந்ததால் ரசிகர்கள் அதை ஒதுக்குகிறார்கள். அந்த வெறுப்புத்தான் விலையைக் குறைத்து வைத்திருக்கிறது. 1977 மாடல் முதல் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் (கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) இருப்பதால் வளைவுகளில் அதன் நடத்தை தேவலை. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்) உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலையில் காதும் பெட்ரோலும் மிஞ்சும். கூரை திறக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் ஜி.டி. இன்னும் நல்லது: அதே பணத்துக்கு மேலான கார், மழையிலும் ஓட்டலாம். மீதி 3,000 பவுண்டை முதல் ஆண்டின் குழாய்கள், டயர்கள், பிரேக் வேலைக்கு வைத்திருங்கள். காரைப் பார்க்க எம்.ஜி. சங்க உறுப்பினர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வெல்டிங் நடந்தபோது எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள், 'செய்தாயிற்று' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வசந்தம் பிறந்ததும் எல்லோருக்கும் இந்த ஆசை வந்து விலை ஏறும். ஆகவே அக்டோபர், நவம்பரில் தேடுங்கள், மழை பெய்யும் நாளில் பார்க்கப் போனால் தரைவிரிப்பு எங்கே நனைகிறது என்பதும் தெரிந்துவிடும்.